தொகுக்க விடாமல் தடை போட்டுவிட்டார்களா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றில் தவறான ஆண்டு கண்ணில் படுகிறது. 'தொகு' பொத்தானை அழுத்துகிறீர்கள். எழுதுபெட்டி திறப்பதற்குப் பதிலாக, உங்களுக்குத் தொகுக்க அனுமதி இல்லை, தடை செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்று ஓர் அறிவிப்பு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் நாலைந்து வரிகள். பலரும் முதல் வரியோடு நின்றுவிடுவார்கள். கோபம் தலைக்கேற, அடுத்த காரியத்தில் இறங்கிவிடுவார்கள். ஒரு நாளில் தானாகவே முடிந்திருக்க வேண்டிய தடையை முடிவில்லாத தடையாக்குவது பெரும்பாலும் அந்த அடுத்த காரியம்தான்.

நானும் அப்படி இறங்கியவன். பல வருடங்களுக்கு முன், ஒரு கூட்டுத் தொகுப்புத் தளத்தில் ஓர் ஓவியரின் பிறந்த ஆண்டை வைத்து இன்னொருவரோடு மல்லுக்கட்டினேன். என் கையில் ஒரு புத்தகம் இருந்தது. அவர் கையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. ஒரே மாலையில் ஐந்து முறை அவர் எழுதியதை எடுத்துவிட்டு என் ஆண்டைப் போட்டேன். ஒரு நாள் தடை வந்தது. உடனே கணக்கிலிருந்து வெளியேறி, பெயரில்லாமல் ஆறாவது முறையும் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு நாள் இரண்டு வாரமானது. அந்த இரண்டு வாரத்தில் கற்றதும், பிறகு மற்றவர்களின் முறையீடுகளைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே எழுதியிருப்பவை.

பெரும்பாலும் விக்கிப்பீடியாவை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இந்த விஷயத்தில் விதிகளை மிக விரிவாக எழுதி வைத்திருப்பது ஆங்கில விக்கிப்பீடியா. மற்ற மொழி விக்கிகள் இன்னும் எளிமையாக, ஆனால் ஏறக்குறைய அதே போக்கில் நடக்கின்றன. வேறு சில தளங்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அறிவிப்பை முழுசாகப் படியுங்கள்

அந்தப் பொடி எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தடை போட்ட நிர்வாகியின் பெயர், அவர் சொல்லும் காரணம், தடை எப்போது முடிகிறது, தடைக்கென்று ஓர் எண், நீங்கள் இப்போது இருக்கும் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் அதை அப்படியே பொதுவெளியில் போட்டுவிடாதீர்கள், ஐபி முகவரியை ஊரறியச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. தானியங்கித் தடை (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) என்றால், தடை எண்ணை வைத்தே நிர்வாகியால் அதைக் கண்டுபிடித்துவிட முடியும்.

படிக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, 'தடை எனக்கா, என் இணைப்புக்கா?' என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கைபேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்து தருகின்றன. கல்லூரி, நூலக வைஃபையிலும் இதே கதைதான். யாரோ ஒருவர் அந்த முகவரியிலிருந்து கட்டுரைகளில் வசைச்சொல் எழுதியிருப்பார், முகவரிக்கோ, சில நேரம் அதைச் சுற்றியுள்ள வரிசை முழுவதற்குமோ தடை விழுந்திருக்கும். அறிவிப்பில் உங்கள் பயனர்பெயர் இல்லாமல் ஓர் எண்வரிசை மட்டும் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. இப்படிப்பட்ட தடைகள் பல, புகுபதியாமல் (கணக்கில் உள்நுழையாமல்) தொகுப்பவர்களை மட்டுமே நிறுத்துபவை. கணக்கு இருந்தால் புகுபதிந்ததும் வேலை முடிந்தது. கணக்கு இல்லை, அந்த இணைப்பில் புதிதாகத் தொடங்கவும் விடவில்லை என்றால், வேறோர் இணைப்பிலிருந்து தொடங்கலாம். தடை உங்கள் மீது இல்லாதவரை இதில் தப்பேதும் இல்லை.

விபிஎன் போட்டிருக்கிறீர்களா? அணைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய திறந்த பதிலிகளை (ப்ராக்ஸி), விபிஎன்கள் பலவும் இதில் சேரும், விக்கிப்பீடியா உள்ளிட்ட விக்கிமீடியா தளங்கள் கொத்தாகத் தடுத்து வைத்திருக்கின்றன. உலாவியோ இயங்குதளமோ உங்களைக் கேட்காமலே இப்படி ஒரு வழியாக அனுப்பிக்கொண்டிருக்கவும் கூடும், அமைப்புகளில் பார்த்துவிடுங்கள். பாதுகாப்புக்காக விபிஎன் கட்டாயம் தேவைப்படுபவர்களுக்கு ஐபி தடை விலக்கு என்றொரு உரிமை உண்டு. அதைக் காரணம் சொல்லித் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

தானியங்கித் தடை என்றும் ஒன்று இருக்கிறது. ஒரு கணக்கைத் தடுக்கும்போது, அது கடைசியாகப் பயன்படுத்திய ஐபி முகவரியையும் மென்பொருளே ஒரு நாளைக்குத் தடுத்து வைக்கும். உங்கள் அலுவலகத்தில் இன்னொருவர் தடை வாங்கியிருந்தால் அது உங்கள் மேலும் விழலாம். இருபத்து நான்கு மணி நேரத்தில் தானாகப் போய்விடும். அவசரமானால் தடை எண்ணைக் குறிப்பிட்டு, 'இது நான் இல்லை, பகிர்ந்த இணைப்பு' என்று எழுதினால் போதும்.

பகுதித் தடை வாங்கியவர் அதிர்ஷ்டசாலி. குறிப்பிட்ட ஒரு பக்கத்தையோ சில பக்கங்களையோ மட்டும்தான் அவரால் தொட முடியாது, மற்ற இடமெல்லாம் திறந்தே இருக்கும். இதற்காக முறையீட்டில் நேரம் செலவழிப்பதைவிட வேறு கட்டுரைகளில் ஒழுங்காக வேலை செய்வதே பலனளிக்கும். அந்த வேலையே பிறகு உங்களுக்காகப் பேசும்.

காலம் பற்றி ஒரு சொல். 'காலவரையற்றது' என்று எழுதியிருந்தால் ஆயுள் முழுக்க என்று எண்ணி இடிந்துபோக வேண்டாம். முடிவுத் தேதி குறிக்கவில்லை, ஒரு நிர்வாகிக்கு நம்பிக்கை வரும்வரை இருக்கும் என்பதுதான் பொருள். மறுநாளே நீங்கிய காலவரையற்ற தடைகளும் உண்டு.

ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள், நிஜமாகவே

தடை உங்கள் கணக்குக்குத்தான் என்று உறுதியானால், மூன்று இடங்களைத் திறந்து பாருங்கள். தடை இருந்தாலும் படிப்பதற்குத் தடையில்லை. முதலாவது உங்கள் பேச்சுப் பக்கம். எச்சரிக்கைகள் அங்கேதான் வந்து விழுந்திருக்கும். மேலே மணி அடித்துக்கொண்டே இருந்ததை நீங்கள் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். இரண்டாவது உங்கள் பங்களிப்புகள் பட்டியல். எந்தெந்தத் தொகுப்புகள் மீளமைக்கப்பட்டன (நீக்கப்பட்டுப் பழைய நிலைக்குத் திருப்பப்பட்டன), மீளமைத்தவர் சுருக்கத்தில் என்ன எழுதினார் என்று தேதி வாரியாகப் பாருங்கள். மூன்றாவது தடைப் பதிவேடு. காரணத்தோடு ஒரு விதிப் பக்கத்துக்கு இணைப்பு இருக்கும், அதைத் திறந்து படியுங்கள். வேறு வேலையில்லாத நாளில் படிப்பதைப் போலப் படிக்காதீர்கள். 'இதில் எந்த வரியை நான் மீறியிருக்கிறேன்' என்று தேடிப் படியுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி மாட்டும் இடங்கள் சில.

தொகுப்புப் போர். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மற்றவர் எழுதியதை மீளமைத்தால் விதிமீறல். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியை மீளமைத்தாலும் எண்ணிக்கையில் சேரும். நான்காவது முறைக்காக நிர்வாகி காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை, போர் நடப்பது தெரிந்தாலே தடை போடலாம். அப்பட்டமான விசமத் தொகுப்பை நீக்குவது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் 'நான் சொன்னதுதான் சரி' என்பது அந்த விலக்குகளில் ஒன்றல்ல. எனக்கு இது புரிய இரண்டு வாரம் ஆனது.

விளம்பரம். நிறுவனத்தின் பெயரையே பயனர்பெயராக வைத்துக்கொண்டு, நிறுவனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது. இதில் இரண்டு பிரச்சினைகள். ஒன்று பெயர்: கணக்கு ஓர் ஆளுக்கு உரியது, அமைப்புக்கு அல்ல. பெயரை மாற்றக் கேட்கலாம். மற்றது எழுத்து. சம்பளமோ கட்டணமோ வாங்கிக்கொண்டு தொகுப்பவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிமுறைகள் 2014 முதல் சொல்கின்றன. வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக எழுதினாலும் இது பொருந்தும். 'தனியாக இதற்கென்று காசு வாங்கவில்லையே' என்பது எடுபடாது.

பதிப்புரிமை. வேறொரு தளத்திலிருந்து பத்தி பத்தியாக வெட்டி ஒட்டுவது. சொந்த வலைத்தளத்திலிருந்து எடுத்தாலும் முறையான உரிம அறிவிப்பு இல்லாமல் ஏற்க மாட்டார்கள், எழுதியவர் நீங்கள்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வழக்குப் போடுவேன் என்ற மிரட்டல். கோபத்தில் ஒரு வரி எழுதியிருப்பீர்கள். வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் வழக்கை நீட்டிக்கொண்டே தொகுக்க முடியாது. மிரட்டலைத் தெளிவாகத் திரும்பப் பெறும்வரை தடை நீங்காது.

பிறகு கைப்பாவைக் கணக்கு. ஒருவரே பல பெயரில் வந்து, பலர் பேசுவது போலக் காட்டுவது. இதைப் பற்றி அடுத்து.

இந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்

இன்னொரு கணக்குத் தொடங்காதீர்கள். வெளியேறிவிட்டுத் தொகுக்காதீர்கள். நண்பரை, தம்பியை, அலுவலகத் தோழரை உங்களுக்காகத் தொகுக்கச் சொல்லாதீர்கள். தடை கணக்கின் மீது போடப்பட்டதாகத் தெரிந்தாலும், அது உண்மையில் ஆளின் மீது. எந்தப் பெயரில் வந்தாலும் தடை உங்களோடு கூடவே வருகிறது.

மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று எல்லாருமே நினைக்கிறார்கள். செக்யூசர் உரிமை பெற்ற சிலரால், கணக்குகள் எந்த இணைப்பிலிருந்து, எந்த உலாவியில் வந்தன என்ற தகவலைச் சுமார் 90 நாள் வரை பார்க்க முடியும். அந்த அளவுக்குப் போகாமலே பலர் பிடிபடுகிறார்கள். மூன்று நாள் வயதான ஒரு கணக்கு, அதே கட்டுரையில், அதே வரியை, அதே எழுத்துப்பிழையோடு போட்டால் யாருக்குத்தான் தெரியாது? ஆங்கில விக்கிப்பீடியாவில், காலவரையற்ற தடைக்குப் பிறகு இரண்டு முறை இப்படிச் செய்து செக்யூசர் சான்றோடு உறுதியானால், சமூகமே விலக்கிவைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் தனி ஒரு நிர்வாகி மனது வைத்தாலும் தடையை எடுக்க முடியாது, சமூக விவாதத்தில்தான் முடிவாக வேண்டும்.

ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? அப்படியானால் முதல் கணக்கில் புகுபதிந்து, மற்றக் கணக்குகளின் பெயர்களை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்த பிறகு ஒப்புக்கொள்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முறையிடத்தான் வேண்டுமா?

ஒரு நாள், இரண்டு நாள் தடை என்றால், என் யோசனை: விட்டுவிடுங்கள். முறையீட்டை ஒருவர் எடுத்துப் பார்ப்பதற்குள் தடையே முடிந்திருக்கும். ஆளை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது போன்ற வெளிப்படையான தவறு இருந்தால் மட்டும் எழுதுங்கள். 'பதிவேட்டில் கறை வந்துவிட்டதே, அதை எடுக்க வேண்டும்' என்று எழுதுபவர்கள் உண்டு. தடையை நீக்கினாலும் பதிவேட்டில் 'தடை போட்டது', 'தடை நீக்கியது' என்று இரண்டு வரி இருக்குமே தவிர, முதல் வரி அழியாது.

நீண்ட தடைக்கும் அதே இரவில் எழுத வேண்டாம். தூங்கி எழுந்து எழுதுங்கள்.

முறையீட்டை எழுதும் விதம்

தடை தண்டனை அல்ல, மேலும் சேதம் நடக்காமல் தடுக்கும் ஏற்பாடு என்று விக்கிப்பீடியாவின் தடைக் கொள்கையே சொல்கிறது. இதைக் கேட்டுவிட்டு 'எனக்குத் தண்டனை போலத்தானே இருக்கிறது' என்று முறைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் முறையீடு எழுதுபவருக்கு இதைவிடப் பயனுள்ள வாக்கியம் கிடையாது. தண்டனையென்றால் நீங்கள் குற்றவாளி இல்லை என்று வாதாட வேண்டியிருக்கும். சேதத்தைத் தடுக்கத்தான் என்றால், அந்தச் சேதம் இனி நடக்காது என்று காட்டினாலே போதும். படிக்கிறவர் மனத்தில் ஓடுவது ஒரே கேள்வி: 'இதை நான் இன்று திறந்துவிட்டால், நாளைக்கு என்ன நடக்கும்?'

படிக்கிறவர் யார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தடை போட்டவரே முறையீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைமுறை, வேறொரு நிர்வாகி பார்ப்பார். அவருக்கு உங்களைத் தெரியாது. சம்பளமில்லாத தன்னார்வலர். வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நிற்கிறார்கள். அவர் முன்னால் இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'எந்தக் காரணமும் இல்லாமல் என்னைத் தடை செய்திருக்கிறீர்கள். நான் எழுதியது அத்தனையும் உண்மை. எதிரில் இருந்தவர்தான் முதலில் ஆரம்பித்தார், அவரை ஏன் தடை செய்யவில்லை? மூன்று வருடமாக இந்தத் தளத்துக்கு இலவசமாக உழைத்திருக்கிறேன். உடனே தடையை நீக்குங்கள்.'

வரி வரியாகப் பார்ப்போம். காரணம் இல்லையாம், ஆனால் பதிவேட்டில் காரணம் எழுதியிருக்கிறது. ஆகவே இவர் படிக்கவில்லை. எழுதியது உண்மையாம், ஆனால் தடை பொய் எழுதியதற்காக இல்லை, மீண்டும் மீண்டும் மீளமைத்ததற்காக. ஆகவே புரியவில்லை. எதிராளியைப் பற்றி ஒரு வரி. அவர் செய்தது தவறாகவே இருக்கட்டும், உங்கள் தடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மற்றவரைக் குற்றம் சொல்லும் முறையீடு தோற்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். மூன்று வருட உழைப்பு? மூன்று வருடம் இருந்தவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும் என்று அதுவும் அவருக்கு எதிராகவே திரும்புகிறது. நாளைக்கு என்ன நடக்கும் என்ற கேள்விக்குப் பதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படித்தவருக்குப் பதில் தெரிந்துவிட்டது: நாளைக்கும் இதேதான் நடக்கும்.

அதே ஆள், அதே தடை, இரண்டு நாள் கழித்து:

'ஆற்றைப் பற்றிய கட்டுரையில் நீளத்தைக் குறிக்கும் எண்ணை ஒரே மாலையில் ஐந்து முறை மாற்றினேன். மூன்றாவது முறையிலேயே என் பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை வந்தது. பார்த்தேன், ஆனால் என் பக்கம் சான்று இருப்பதால் அந்த விதி எனக்கில்லை என்று நினைத்தேன். அது தவறு என்று விதியைப் படித்த பிறகு புரிந்தது. தடை நீங்கினால் அந்த எண்ணைக் கட்டுரையில் தொட மாட்டேன். என்னிடம் உள்ள இரண்டு சான்றுகளையும் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் வைப்பேன். அங்கே ஒத்துவராவிட்டால் மூன்றாமவர் ஒருவரின் கருத்தைக் கேட்பேன். அதற்கிடையில், துணையாறுகளைப் பற்றிய மூன்று குறுங்கட்டுரைகளுக்கு மேற்கோள் சேர்க்க எண்ணியிருக்கிறேன்.'

இதில் கெஞ்சல் எங்கும் இல்லை, 'மன்னிக்கவும்' என்ற சொல்கூட இல்லை. என்ன செய்தேன், ஏன் செய்தேன், இனி என்ன செய்வேன் என்பது மட்டும் இருக்கிறது. கடைசி வாக்கியம் சும்மா அலங்காரத்துக்கு அல்ல. தொகுக்க அனுமதித்தால் தளத்துக்கு என்ன கிடைக்கும் என்பதையும் நிர்வாகி எடை போடுவார். 'நல்ல பங்களிப்புகள் செய்வேன்' என்றால் காற்றில் எழுதியது போல, 'இந்த மூன்று கட்டுரைகள்' என்றால் கையில் பிடிக்கலாம்.

தடையின் காரணம் மாறினால் அழுத்தமும் மாற வேண்டும். விளம்பரத்துக்காகத் தடைபட்டவரிடம் அனேகமாக இரண்டு கேள்விகள் வரும்: அந்த நிறுவனத்தோடு உங்களுக்கு என்ன தொடர்பு, அதைத் தவிர வேறு எதைப் பற்றி எழுதுவீர்கள். இரண்டுக்கும் கேட்கும் முன்பே பதில் எழுதிவிடுங்கள். 'வேறு எதிலும் ஆர்வமில்லை, இந்த ஒரு கட்டுரை மட்டும் வேண்டும்' என்றால், முறையீட்டையே கைவிடலாம் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைக்காகத் தடைபட்டவர், பதிப்புரிமை என்றால் என்ன, ஒரு நூலில் படித்ததை எப்படிக் கட்டுரையில் சேர்ப்பார் என்று சொந்த வார்த்தையில் விளக்க வேண்டியிருக்கும். விதிப் பக்கத்திலிருந்தே வெட்டி ஒட்டி விளக்கம் தந்தவர்களும் இருக்கிறார்கள், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இன்னொன்று, இப்போது நிறைய நடப்பது: செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் முறையீட்டை எழுதி வாங்கி ஒட்டுவது. வழவழவென்று, எல்லாவற்றுக்கும் வருந்தி, எதையும் குறிப்பாகச் சொல்லாமல் இருக்கும். உங்களுக்குப் புரிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவரிடம், உங்களுக்குப் பதிலாக வேறொன்று புரிந்துகொண்டதைக் காட்டி என்ன பயன்? இலக்கணம் தடுமாறினாலும் உங்கள் நடையிலேயே பத்து வரி எழுதுங்கள்.

தடை உண்மையிலேயே தவறு என்றால்? அதையும் சொல்லலாம், அமைதியாக, சான்றோடு. 'நான் மீளமைத்ததாகச் சொல்லும் நான்கில் இரண்டு என் சொந்தத் தொகுப்புகளை நானே திருத்தியவை, இதோ இணைப்புகள்' என்பது வலுவான முறையீடு. 'நிர்வாகி அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்' என்பது முறையீடே அல்ல.

எங்கே, எப்படிப் பதிவது

தடைபட்ட பிறகும் பெரும்பாலும் உங்கள் சொந்தப் பேச்சுப் பக்கத்தை மட்டும் தொகுக்க முடியும். அங்கே வந்திருக்கும் தடை அறிவிப்பிலேயே, முறையீட்டுக்கான வார்ப்புருவை (ஆயத்தப் படிவம் போன்ற குறிமுறைத் துண்டு) இப்படிப் போடுங்கள் என்று காட்டியிருக்கும். இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் வரும் அந்தத் துண்டை அப்படியே படியெடுத்து, காரணம் எழுதச் சொல்லியிருக்கும் இடத்தில் உங்கள் எழுத்தைப் போடுங்கள். முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் கையொப்பமும் நேரமும் தானாக விழும். சேமிக்கும் முன் முன்தோற்றம் பாருங்கள். ஓர் அடைப்புக்குறி குறைந்தாலும் வார்ப்புரு உடைந்துபோகும். வார்ப்புரு சரியாக விழுந்தால் உங்கள் பக்கம் தானாகவே முறையீடுகளின் வரிசையில் சேர்ந்துவிடும், யாரையும் தனியாகக் கூப்பிட வேண்டாம். வார்ப்புரு இல்லாத சிறிய விக்கிகளில், தடை போட்டவரை உங்கள் பேச்சுப் பக்கத்தில் பெயர் சொல்லி அழைத்து எழுதினால் போதும்.

ஒரு நேரத்தில் ஒரு முறையீடுதான் திறந்திருக்க வேண்டும். தடை இருக்கும்வரை, தள்ளுபடியான பழைய முறையீடுகளை அழிக்கக் கூடாது, அடுத்து வருபவர் அவற்றைப் படிக்க வேண்டும். முறையீடு பதிந்ததும் அதே பக்கத்தில் சண்டையைத் தொடர்ந்தால் பேச்சுப் பக்கமும் பூட்டப்படும்.

அப்படிப் பூட்டிவிட்டால் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு யூடிஆர்எஸ் என்ற தனிப் படிவ அமைப்பு இருக்கிறது, அதில் எழுதுவதை நிர்வாகிகள் பார்ப்பார்கள். நடுவர் குழு என்று ஒன்றும் உண்டு. ஆனால் பொதுவில் பேச முடியாத தகவல் சம்பந்தப்பட்டவை, செக்யூசர் சான்றின் மேல் போட்டவை போன்ற சில வகைத் தடைகளைத்தான் அது எடுத்துக்கொள்ளும். சாதாரணத் தொகுப்புப் போரைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லா விக்கிகளிலும் ஒருசேரப் புகுபதியவே முடியவில்லை என்றால் அது உலகளாவிய பூட்டு. அதைப் போடுபவர்கள் எல்லா விக்கிகளுக்கும் பொதுவான ஸ்டூவர்ட்கள், அவர்களிடம் முறையிடும் வழி மேல்விக்கி எனப்படும் மெட்டா தளத்தில் எழுதியிருக்கும்.

பிறகு காத்திருங்கள். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். ஒருவர் வந்து கேள்வி கேட்டால் நல்ல அறிகுறி, உடனே பதில் சொல்லுங்கள். நிபந்தனையோடு நீக்குகிறேன் என்றும் சொல்லலாம்: குறிப்பிட்ட தலைப்பைத் தொடக் கூடாது, ஒரு நாளில் ஒரு மீளமைப்புக்கு மேல் கூடாது, இப்படி. ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டாம், ஆறு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு நிபந்தனையை எடுக்கக் கேட்கலாம்.

தள்ளுபடியானால்

தள்ளுபடிக் குறிப்பில் எதைப் பதில் சொல்லாமல் விட்டீர்கள் என்று இருக்கும். அதற்குப் பதில் சொல்லிப் புதிதாக எழுதுங்கள். பழையதையே தேதி மாற்றிப் போடுவதில் அர்த்தமில்லை.

எல்லாக் கதவும் மூடியதாகத் தோன்றினால் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'வழக்கமான சலுகை' என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஆறு மாதம் எந்தப் பெயரிலும் அந்த விக்கியில் தொகுக்காமல் இருந்துவிட்டு, தடைக்குக் காரணமானதைத் திரும்பச் செய்ய மாட்டேன் என்ற உறுதியோடு வந்தால் மறுபடி பரிசீலிப்பார்கள். உத்தரவாதம் இல்லை, ஆனால் பலர் இந்த வழியாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த ஆறு மாதத்தை வீணாக்க வேண்டியதும் இல்லை. ஒரு விக்கியில் போட்ட தடை சாதாரணமாக அந்த விக்கியோடு சரி. ஆங்கிலத்தில் தடைபட்டவர் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாம், பழைய நூல்களைத் தொகுக்கும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கலாம், விக்கிமீடியா பொதுவகத்தில் படங்கள் ஏற்றலாம். அங்கே பிரச்சினையில்லாமல் செய்த வேலையை முறையீட்டில் காட்டினால், வாக்குறுதியைவிட அதிகம் எடுபடும்.

மற்றத் தளங்கள்

பலர் சேர்ந்து உலக வரைபடம் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு விசித்திரமான தடை உண்டு: பூஜ்ஜிய மணி நேரத் தடை. புகுபதிந்து வந்து, அவர்கள் எழுதியிருக்கும் செய்தியைத் திறந்து படித்தாலே அது முடிந்துவிடும். உங்கள் மாற்றத் தொகுதிகளில் (ஒரே தடவையில் சேமித்த திருத்தங்கள்) மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலே சொல்லாமல் வரைந்துகொண்டே போனால் இது வரும். முறையீடு என்று எதுவும் எழுத வேண்டாம், பதில் சொன்னால் போதும். வேறு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்துப் படியெடுத்ததற்காக வந்த தடை என்றால் அவ்வளவு எளிதல்ல, எதையெல்லாம் எடுத்தீர்கள் என்று சொல்லி அழிக்க உதவ வேண்டும்.

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்வி கேட்க விடாமல் வரும் தடையைப் போடுவது மனிதர் அல்ல, நிரல். நடுவரிடம் முறையிட்டால் அவராலும் எடுக்க முடியாது. மதிப்பெண் குறைந்த உங்கள் பழைய கேள்விகளைத் திருத்தித் தெளிவாக்குவதுதான் வழி. ரசிகர்கள் நடத்தும் சிறு விக்கிகளில் ஒன்றிரண்டு நிர்வாகிகள்தான் இருப்பார்கள், பெரும்பாலும் அவர்களோடு நேரில் பேசித் தீர்த்துக்கொள்வதைத் தவிர மேல்முறையீடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது.

திரும்பி வந்த முதல் வாரம்

தடை நீங்கியதும் பழைய கட்டுரைக்கு ஓடாதீர்கள். சில கண்கள் உங்கள் பங்களிப்புப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதில் தப்பில்லை. முறையீட்டில் எதைச் செய்வேன் என்றீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். துணையாறு என்றால் துணையாறு. தொகுப்புச் சுருக்கத்தைக் காலியாக விடாதீர்கள். யாராவது மீளமைத்தால் அன்றைக்கு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மறுநாள் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்.

என் பதிவேட்டில் அந்த இரண்டு வரிகள் இன்றும் இருக்கின்றன: ஒரு நாள், பிறகு இரண்டு வாரம். திரும்பி வந்ததும் நான் முதலில் எழுதியது அந்த ஓவியரைப் பற்றிய கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில். உங்கள் சான்று எது என்று கேட்டேன். மறுநாளே நூலின் பெயரும் பக்க எண்ணும் வந்தன. என் புத்தகத்தைவிட இருபது வருடம் பழையது அது. எது சரி என்று எங்கள் இருவராலும் முடிவுசெய்ய முடியவில்லை. கட்டுரையில் இப்போது இரண்டு ஆண்டுகளும் இருக்கின்றன, இரண்டுக்கும் மேற்கோளோடு.